நாக்-அவுட் கணக்கு: மண்டலங்களை எதை வைத்து ஒப்பிடுவது?

கோவளத்திலிருந்து மேற்கே கேளம்பாக்கம் சாலையில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் பல்கலைக்கழகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஓ.எம்.ஆரில் படூர் இந்துஸ்தான். வண்டலூர் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம். அதே சாலையில் மேலக்கோட்டையூரில், விளையாட்டுக்கென்றே தனிச் சட்டம் போட்டு உருவாக்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். ஜி.எஸ்.டி. சாலைக்குப் போய்விட்டால் கட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்த ஒரு மூலையிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் வாலிபால், கபடி, கால்பந்து, கிரிக்கெட் என்று அணி அணியாக ‘சவுத் சோன்’ ஆடக் கிளம்புகிறார்கள். பெரும்பாலான குழு விளையாட்டுகளில் தென் மண்டலத்தின் முதல் நான்கு அணிகளுக்குத்தான் ‘ஆல் இந்தியா’ வாய்ப்பு. ஐந்தாவது அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

வடக்கு, கிழக்கு, மேற்கு மண்டலங்களுக்கும் இதே நான்கு இடங்கள். ஆக மொத்தம் பதினாறு அணிகள் கூடி, பல்கலைக்கழகங்களுக்கிடையேயான அகில இந்தியப் பட்டத்துக்கு மோதுகின்றன. இது வெறும் கோப்பை விஷயம் இல்லை. பல்கலைக்கழகத்துக்காக இந்தப் போட்டிகளில் ஆடியதற்குத் தரும் சான்றிதழை மாணவர்கள் ‘ஃபார்ம் த்ரீ’ என்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆல் இந்தியாவில் முதல் எட்டு இடங்களுக்குள் வரும் அணிக்குக் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் கதவும் திறக்கிறது. மண்டலத்தைத் தாண்டுவதா, மண்டலத்தோடு நிற்பதா என்பதில் ஒரு குடும்பத்தின் வருமானமே அடங்கியிருக்கலாம்.

அதனால்தான் பழைய கேள்வி ஒன்றை நிதானமாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. லீக் முடிந்த பிறகு நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு எந்த மண்டலத்திலிருந்து எத்தனை அணிகள் போயின என்பதைக் கொண்டு அந்த மண்டலத்தின் பலத்தை அளக்கலாமா? விளையாட்டுப் பக்கங்களிலும் டீக்கடைகளிலும் இந்தக் கணக்கு ஓயாமல் நடக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை அணிகள் உள்ளே போயின என்ற எண்ணிக்கை, கதவை எவ்வளவு அகலமாக வைத்திருந்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறது. பலத்தைச் சொல்ல அந்த எண்ணோடு வேறு சில எண்களும் சேர வேண்டும்.

ரஞ்சி சொல்லும் பாடம்

நம் நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ரஞ்சிக் கோப்பையைவிட நல்ல களம் கிடையாது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதிய ஆட்டம்தான் அதன் முதல் ஆட்டம். ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் ஏ.ஜி. ராம்சிங் பதினோரு விக்கெட் எடுத்தார். தொடக்கம் முதலே போட்டி மண்டல வாரியாகத்தான் நடந்தது. 1957-58 முதல் மண்டலத்துக்குள் லீக் முறை வந்தது. ஆனால் மண்டலத்தில் முதலிடம் பிடித்த ஒரே ஓர் அணிதான் நாக்-அவுட்டுக்குப் போக முடியும்.

அந்தக் காலத்து இறுதியாட்டப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் மத்திய மண்டலம் பெரும் பலசாலியாகத் தெரியும். 1960-61 தொடங்கி நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து ராஜஸ்தான் இறுதிக்கு வந்தது. பிறகு 1965-66, 1966-67, 1969-70, 1973-74. மொத்தம் எட்டு முறை. எட்டிலும் தோல்வி. முதல் ஏழு முறை பம்பாயிடம், எட்டாவது முறை கர்நாடகத்திடம். அந்த அணியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இறுதிவரை வருவது லேசான காரியம் அல்ல. ஆனால் அதே ஆண்டுகளில் மேற்கு மண்டலத்தில் பம்பாய்க்கு அடுத்தபடியாக நின்ற அணி என்ன ஆனது? மகாராஷ்டிரமோ பரோடாவோ எவ்வளவு நன்றாக ஆடினாலும் பம்பாயைத் தாண்டாவிட்டால் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. அவர்களுடைய பலம் எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை.

இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்கு 1970-71 பருவம் பதில் சொல்கிறது. அந்த ஆண்டுதான் விதி மாறியது. மண்டலத்துக்கு ஓர் அணி என்பது இரண்டு அணியானது. ஐந்து மண்டலங்கள், பத்து அணிகள். மாறிய முதல் ஆண்டிலேயே இறுதியாட்டத்தில் மோதியவர்கள் யார் தெரியுமா? பம்பாயும் மகாராஷ்டிரமும். இரண்டும் மேற்கு மண்டலம். பழைய விதியே நீடித்திருந்தால் இவற்றில் ஒன்று லீக்கோடு நின்றிருக்கும். மகாராஷ்டிரம் அந்த ஒரு வருஷத்தில் திடீரென்று பலம் பெற்றுவிடவில்லை. மாறியது கதவின் அகலம்தான்.

மண்டலத்துக்கு இரண்டு என்ற விதி 1991-92 வரை, இருபத்திரண்டு பருவங்களுக்கு நீடித்தது. எல்லா மண்டலங்களுக்கும் ஒரே அளவு இடம் இருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் காலம் மிகவும் வசதியானது. நாக்-அவுட்டுக்குப் போன அணிகளை எண்ணிப் பயனில்லை. அங்கே எல்லாருக்கும் சமமான இடம் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆகவே இறுதியாட்டங்களை எண்ணினேன். இருபத்திரண்டு இறுதியாட்டங்களில் நாற்பத்து நான்கு இடங்கள். வடக்கு 14, மேற்கு 13, தெற்கு 10, கிழக்கு 4, மத்தியம் 3. பட்டங்களை எண்ணினால் மேற்கு 9, வடக்கு 7, தெற்கு 5, கிழக்கு 1, மத்தியத்துக்கு ஒன்றும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் வடக்கும் மேற்கும் முன்னே, தெற்கு மூன்றாவது என்று தீர்ப்பெழுதி மூடிவிடலாம். அந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மேற்கின் பதின்மூன்றில் பன்னிரண்டு பம்பாய் ஒன்றுக்கே சொந்தம். மிச்சம் ஒன்றுதான் மகாராஷ்டிரத்துக்கு. வடக்கின் பதினான்கில் பன்னிரண்டு டெல்லிக்கு, இரண்டு ஹரியானாவுக்கு. தெற்கில் கர்நாடகம் ஆறு, தமிழ்நாடு மூன்று, ஹைதராபாத் ஒன்று. மேற்கு, வடக்கு என்று நாம் பெயர் சொல்வதெல்லாம் உண்மையில் பம்பாய், டெல்லி என்ற இரண்டு பெருநகரங்கள். ஒன்றுக்கொன்று ஈடாகப் பல அணிகள் நின்ற மண்டலம் தெற்குதான். பட்டம் வென்ற அணிகளை எண்ணினாலும் இதுவே தெரிகிறது. அந்தக் காலத்தில் மேற்கிலிருந்து கோப்பையைத் தூக்கியது பம்பாய் மட்டும். தெற்கிலிருந்து கர்நாடகம், ஹைதராபாத், தமிழ்நாடு என்று மூன்று அணிகள்.

தெற்கு மண்டலத்தில் அப்போது லீக் ஆடியவர்களின் வேதனை இங்கேதான் இருக்கிறது. மூன்று பலமான அணிகள், இரண்டே இடங்கள். ஹைதராபாத் அணியில் எம்.எல். ஜெய்சிம்ஹா, பட்டோடி, அபித் அலி எல்லாரும் ஆடிய காலம் ஒன்று உண்டு. அந்தத் தலைமுறைக்கு ஒரு ரஞ்சிக் கோப்பைகூடக் கிடைக்கவில்லை. 1937-38-க்குப் பிறகு ஹைதராபாத் மறுபடி கோப்பையைத் தொட்டது 1986-87-இல்தான். கர்நாடகம், தமிழ்நாடு, ஹைதராபாத் மூன்றில் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் லீக்கோடு வீட்டுக்குப் போனது. கிழக்கிலும் மத்தியத்திலும் இரண்டாவதாக வந்த அணி நாக்-அவுட்டில் பேட் கட்டிக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பேசுவதென்றால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு மண்டலம் என்றாலே வங்காளம் மட்டும்தான் என்பார்கள். 1975-76-இல் இறுதிவரை வந்தது பீகார். ஒதுக்கீட்டு இடம் இருந்ததால் கிடைத்த வாய்ப்பை அந்த அணி வீணாக்கவில்லை. கதவை அகலமாக வைத்தால் தகுதியில்லாதவர்கள்தான் நுழைவார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

நாக்-அவுட்டுக்குப் போவதும் அங்கே ஆட்டத்தை முடிப்பதும் வேறு வேறு என்பதற்குத் தமிழ்நாட்டைவிட வலி மிகுந்த உதாரணம் வேண்டாம். 1972-73 இறுதியாட்டம், சேப்பாக்கம், சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். பம்பாயை முதல் இன்னிங்ஸில் 151 ரன்னுக்கும் இரண்டாவதில் 113-க்கும் சுருட்டினார்கள் நம் பந்துவீச்சாளர்கள். வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்த அணி அது. ஆனால் தமிழ்நாடு எடுத்தது 80-ம் 61-ம். பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு எட்டு விக்கெட், அடுத்ததில் 18 ரன்னுக்கு ஐந்து. மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. 1987-88-இல் அதே சேப்பாக்கத்தில் ரயில்வேஸை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்திக் கோப்பை வாங்கினோம். அதற்குப் பிறகு 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 என்று ஆறு இறுதியாட்டங்கள். ஆறும் தோல்வி. இறுதிக்குப் போன எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், இந்த ஆறையும் தமிழ்நாட்டின் பெருமையாகவே எழுதுவார். மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்பது வேறு கதை.

1992-93-இல் மண்டலத்துக்கு மூன்று அணிகள் என்று விதி மறுபடி விரிந்தது. 1995-96-இல் கர்நாடகமும் தமிழ்நாடும் இறுதியில் சந்தித்தன, தெற்கிலிருந்தே இருவர். 2002-03-இல் மண்டல முறையே போய், எலைட், பிளேட் என்று இரண்டு அடுக்குகள் வந்தன. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மத்திய மண்டலத்தில் பல காலம் கடைசி வரிசையில் இருந்த விதர்பா 2017-18, 2018-19, 2024-25 என்று மூன்று முறை கோப்பை வென்றது. தெற்கு மண்டலத்தில் கர்நாடகம், தமிழ்நாடு, ஹைதராபாத் என்ற மூன்று மலைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த கேரளம் 2017-18-இல் முதன்முறையாகக் காலிறுதி, 2018-19-இல் அரையிறுதி, 2024-25-இல் இறுதியாட்டம். எட்டு முறை தோற்ற ராஜஸ்தான் 2010-11-இல், கீழடுக்கான பிளேட் பிரிவிலிருந்து மேலேறி வந்து கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டும் வென்றது. பிளேட் அணிகளுக்கென்று நாக்-அவுட்டில் இடம் வைத்திருக்காவிட்டால் 2010-11 வெற்றிக்கு வழியே இருந்திருக்காது.

அதே பிளேட் கதவு வேறொரு காட்சியையும் காட்டியது. 2021-22-இல் நாகாலாந்து அந்த வழியாக வந்து கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஜார்க்கண்டைச் சந்தித்தது. ஜார்க்கண்ட் முதல் இன்னிங்ஸில் 880 ரன். ஆட்டம் டிராவில் முடிந்தபோது ஜார்க்கண்டின் மொத்த முன்னிலை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பட்டியலில் பார்த்தால் ராஜஸ்தானும் நாகாலாந்தும் ஒரே வரியில்தான் இருக்கும்: ‘பிளேட்டிலிருந்து நாக்-அவுட்டுக்குத் தகுதி’.

கடல் கடந்த கணக்கு

கல்லூரி விளையாட்டில் இந்த ஒப்பீட்டை ஒரு தொழிலாகவே செய்பவர்கள் அமெரிக்கர்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. கல்லூரிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. பருவம் முடிந்ததும் நாடு முழுக்க ‘பௌல்’ ஆட்டங்கள். 1902 ஜனவரி முதல் நாள் பாசடீனாவில் மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று வென்றதுதான் முதல் பௌல். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட பௌல்கள். எந்தக் கான்ஃபரன்ஸிலிருந்து எத்தனை கல்லூரிகள் பௌலுக்குப் போயின என்பதை வைத்து ஒவ்வொரு டிசம்பரிலும் பெரிய வாக்குவாதம் நடக்கும்.

அங்கேயும் கதவின் கதைதான். ‘பிக் டென்’ என்ற கூட்டமைப்பு, 1970-களின் நடுப்பகுதி வரை தன் அணிகளில் ஒன்றை மட்டும், அதுவும் ரோஸ் பௌலுக்கு மட்டும் அனுப்பியது. வேறு பௌலுக்குப் போக அதன் சொந்த விதியே அனுமதிக்கவில்லை. 1973-இல் மிச்சிகனும் ஓஹயோ ஸ்டேட்டும் பருவம் முழுக்கத் தோல்வியே காணாமல் வந்து, தங்களுக்குள் 10-10 என்று சமன் செய்துகொண்டன. யார் போவது என்று கூட்டமைப்பின் கல்லூரிகள் வாக்களித்தன. ஓஹயோ ஸ்டேட் போனது. ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத மிச்சிகன் வீட்டில் இருந்தது. 1970-71-க்கு முந்தைய மேற்கு மண்டலத்தின் கதையேதான் இது. அந்த விதி 1975 பருவத்தில் தளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பௌல் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பிக் டென்னை யாரோடும் ஒப்பிட முடியாது.

இன்று அங்கே இடம் ஒதுக்கீடு இல்லை. தகுதிக் கோடு இருக்கிறது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறு வென்றால் போதும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த விதிக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒரு கூட்டமைப்புக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். வெளியாரோடு ஆடும்போதுதான் எல்லாருமே ஜெயிக்க முடியும். தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்.இ.சி. நீண்டகாலம் தனக்குள் எட்டு ஆட்டம், வெளியாரோடு நான்கு ஆட்டம் என்று ஆடியது. பிக் டென் 2016 முதல் உள்ளே ஒன்பது, வெளியே மூன்று. வெளியே எளிய எதிரிகளாகத் தேர்ந்தெடுத்து நான்கிலும் வென்ற அணி, உள்ளே எட்டில் இரண்டு ஜெயித்தாலே ஆறு ஆகிவிடும். ஒன்பது ஆடும் அணிக்கு உள்ளே மூன்று வேண்டும். பதினாறு அணிகள் கொண்ட கூட்டமைப்பு ஒன்று எட்டிலிருந்து ஒன்பதுக்கு மாறினால், பதினாறு பேரும் வெளியே ஜெயிக்கக்கூடிய தலைக்கு ஓர் ஆட்டம் போய், அதற்குப் பதில் எட்டு வெற்றியும் எட்டுத் தோல்வியும் கட்டாயமாக வந்து சேரும். அட்டவணை போடுகிற மேசையிலேயே பௌல் எண்ணிக்கையின் ஒரு பகுதி முடிவாகிவிடுகிறது. எஸ்.இ.சி.யும் 2026 முதல் ஒன்பதுக்கு மாற முடிவெடுத்திருக்கிறது.

பௌல்கள் பெருகி அணிகள் போதாமல் போன ஆண்டும் உண்டு. 2015 பருவத்தில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி கண்ட மூன்று கல்லூரிகளை அழைத்து இடங்களை நிரப்பினார்கள். இன்னொரு பக்கம், 2023-இல் பதின்மூன்று ஆட்டங்களும் ஜெயித்த ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு நான்கு அணிப் பட்டச்சுற்றில் இடம் தரவில்லை. அந்த அணியின் வீரர்கள் பலர் ஆரஞ்ச் பௌலில் ஆடாமல் விலகிக்கொள்ள, ஜார்ஜியாவிடம் 63-3 என்று நொறுங்கியது. அந்த ஆட்டத்தின் ஸ்கோரை எடுத்து இரண்டு கூட்டமைப்புகளை ஒப்பிடுகிறவர், யார் மைதானத்தில் இறங்கினார்கள் என்பதையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அலையின் மேல் ஒரு மண்டலம்

கோவளக் கடற்கரைக்குத் திரும்பி வருகிறேன். இங்கே ஒரு தலைமுறைக்குள் வளர்ந்த விளையாட்டு அலைச்சறுக்கு. மீனவர் குடும்பத்து மூர்த்தி மேகவன் தானாகக் கற்றுக்கொண்டு குப்பத்துப் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றினார். தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அது பள்ளியாக வளர்ந்தது. 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் நடந்தது. கோவளம், மாமல்லபுரம் கரைப் பையன்கள் இன்று தேசியப் போட்டிகளின் கடைசிச் சுற்றுகளில் நிறைந்திருக்கிறார்கள்.

ஒரு ‘ஹீட்’ எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டே நின்று பார்த்தால் நாக்-அவுட்டின் தர்மம் புரியும். பெரும்பாலும் நான்கு பேர். ஆளுக்கொரு நிறச் சட்டை, கரையில் இருக்கும் நடுவர்கள் ஆளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஹாரன் அடித்ததும் இருபது நிமிடக் கணக்கு ஓடத் தொடங்கும். எத்தனை அலையில் வேண்டுமானாலும் ஏறலாம். பத்துக்கு மதிப்பெண் போட்டு, சிறந்த இரண்டை மட்டும் கூட்டுவார்கள். முதல் இரண்டு பேர் அடுத்த சுற்றுக்கு. ஒரே குப்பத்தில் ஒன்றாக வளர்ந்த மூன்று பேர் ஒரே ஹீட்டில் விழுந்தால், அவர்களில் ஒருவராவது வெளியேறித்தான் ஆக வேண்டும். அலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. அதைத் தவிர்க்கத்தான் தரவரிசைப்படி ஆட்களைப் பிரித்துப் போடுகிறார்கள்.

இங்கேயும் எண்ணிக்கையைக் கவனமாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் பதிவு செய்கிறார்கள். அதனால் கடைசிச் சுற்றிலும் அதிகம் பேர் இருப்பது இயற்கை. களமிறங்கியவர்களில் எத்தனை விழுக்காடு மேலே போனார்கள் என்று பார்ப்பதுதான் முறை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில், நம் கரையிலேயே நடந்தது. அதில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர் கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹாள். அவரோ கேரளத்துக் கோவளத்தில் அலையேறக் கற்றவர். அந்தப் பதக்கத்தை எந்த மாநிலத்தின் கணக்கில் எழுதுவது? பிறந்த ஊரா, கற்ற கரையா, பதிவு செய்த சங்கமா?

ஒலிம்பிக்கில் கதவு இன்னும் இறுக்கம். டோக்கியோ விளையாட்டுகளில் ஒரு நாட்டுக்கு ஆண்களில் இருவர், பெண்களில் இருவர் என்று வரம்பு வைத்தார்கள். 2019 உலகத் தொடரில் நான்காம் இடம் பெற்ற பிரேசிலின் ஃபிலிப்பே டொலேடோவுக்கு இடம் இல்லை. ஏனென்றால் இத்தாலோ ஃபெரெய்ராவும் கேப்ரியல் மெடினாவும் அதே நாட்டுக்காரர்கள், அவருக்கு முன்னே இருந்தார்கள். உலகில் நான்காவது, சொந்த நாட்டில் மூன்றாவது. தென் மண்டலத்தில் ஐந்தாவதாக வந்து திரும்பும் வாலிபால் பையனுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்.

எல்லாருக்கும் நான்கு இடமா?

பல்கலைக்கழக விளையாட்டுக்கு வருவோம். 1925-இல் இன்டர்-யுனிவர்சிட்டி போர்டு என்ற பெயரில் தொடங்கி, 1973 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று அறியப்படும் அமைப்புதான் இந்தப் போட்டிகளை நடத்துகிறது. கிரிக்கெட்டில் ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-36-லிருந்து இருக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் நேரடியாக மோத விஸ்ஸி கோப்பை 1966-67-இல் வந்தது. அதில் ஒரு மண்டலத்தின் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்து இறக்குகிறார்கள். சிகரத்தை அளக்க அது உதவும். அடிவாரம் எவ்வளவு அகலம் என்பதை அளக்க உதவாது. கிரிக்கெட்டில் மண்டல அணிகள் மோதும் துலீப் கோப்பைக்கும் இதே குறை உண்டு.

இப்போதைய நான்குக்கு நான்கு முறையில் ஆல் இந்தியாவுக்குப் போன எண்ணிக்கையை வைத்து மண்டலங்களை ஒப்பிடவே முடியாது. எல்லாருக்கும் பதில் நான்குதான். ஒப்பீடு அங்கே போன பிறகுதான் தொடங்க வேண்டும். அந்த நான்கில் எத்தனை அரையிறுதி கண்டன, பத்து ஆண்டுகளில் எத்தனை வெவ்வேறு பல்கலைகள் அந்த இடத்தைப் பிடித்தன, வேறு மண்டலத்து அணிகளோடு ஆடிய ஆட்டங்களில் வெற்றி தோல்வி என்ன என்று பார்க்க வேண்டும். ஒரே பல்கலை ஆண்டுதோறும் போய்க் கோப்பையோடு வந்தால் அது அந்தப் பல்கலையின் பெருமை. மண்டலத்தின் பலத்தைச் சொல்ல, இரண்டாவது மூன்றாவது அணிகளையும் பார்த்தாக வேண்டும்.

பல்கலைகளுக்குள்ளேயும் சமநிலை இல்லை. சென்னைப் பல்கலைக்கழக அணி தன் இணைப்புக் கல்லூரிகள் அத்தனையிலிருந்தும் ஆள் பொறுக்குகிறது. நிகர்நிலைப் பல்கலை தன் வளாகத்து மாணவர்களை வைத்து அணி கட்டுகிறது. ஆனால் கல்விக் கட்டணச் சலுகை, விடுதி, பயிற்சியாளர் என்று கொடுத்து ஹரியானாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் திறமையான பிள்ளைகளை வரவழைக்க அதனால் முடிகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அணியின் வெற்றியைத் தென் மண்டலத்தின் வெற்றி என்று எழுதும்போது, ரமேஷ் புதிஹாள் பதக்கத்துக்குக் கேட்ட அதே கேள்வி இங்கேயும் எழுகிறது.

சம ஒதுக்கீட்டை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பீகார் 1975-76-இல் செய்ததையும், ராஜஸ்தான் பிளேட்டிலிருந்து ஏறி வந்ததையும் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. பின்தங்கிய மண்டலத்துப் பிள்ளைக்குப் பெரிய மைதானத்தில் ஒரு நாளாவது இறங்கும் உரிமை வேண்டும். ஆனால் எல்லா இடங்களையும் ஒதுக்கீடாகவே வைப்பதும், பலம் கூடிய மண்டலத்தின் ஐந்தாவது அணியை ஒவ்வோர் ஆண்டும் திருப்பி அனுப்புவதும் நியாயம் இல்லை.

ஐரோப்பியக் கால்பந்து இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறது. சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல், முந்தைய பருவத்தில் எல்லா ஐரோப்பியப் போட்டிகளிலும் சேர்த்து மிக நன்றாக ஆடிய இரண்டு நாடுகளுக்குத் தலா ஓர் இடம் கூடுதல். முதல் முறை அந்த இடங்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போயின. அதன் மூலம் உள்ளே வந்தவை பொலோன்யாவும் டார்ட்மண்டும். அடுத்த முறை இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும். எந்த நாடும் தன் அடிப்படை இடத்தை இழக்கவில்லை. நன்றாக ஆடிய லீக்கின் அடுத்த அணிக்கு ஒரு வழி பிறந்தது, அவ்வளவுதான்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பதினாறு இடங்களில் பன்னிரண்டை மண்டலத்துக்கு மூன்று வீதம் நிரந்தரமாக வையுங்கள். மிச்சமுள்ள நான்கை, முந்தைய மூன்று ஆண்டுகளில் ஆல் இந்தியா காலிறுதிக்கு எந்த மண்டலம் எத்தனை அணிகளை அனுப்பியது என்பதைப் பார்த்து, விளையாட்டுக்கு விளையாட்டு பிரித்துக் கொடுங்கள். வாலிபாலில் ஒரு மண்டலத்துக்கு ஐந்து கிடைக்கட்டும், ஹாக்கியில் வேறொரு மண்டலத்துக்கு ஐந்து கிடைக்கட்டும். அதோடு, ஒவ்வொரு மண்டலப் போட்டியின் முழு முடிவுகளையும், தோற்ற அணிகளின் பெயர்கள் உட்பட, ஆண்டுவாரியாக ஒரே இடத்தில் தொகுத்து வெளியிடுங்கள். படூரிலும் கட்டாங்கொளத்தூரிலும் மேலக்கோட்டையூரிலும் இன்று காலை பயிற்சிக்கு இறங்கிய பிள்ளைகள், தங்களுக்கு மறுக்கப்பட்ட இடம் எந்தக் கணக்கின்படி மறுக்கப்பட்டது என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.